டி.எம்.சி.யில் அடங்காத கணக்கு

மேட்டூர் நீர்த்தேக்கம் ஏன் பச்சையாகிறது? வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு விடை தெரியும்.

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம் பாலாறு. வேலூர்க்காரர்கள் மணலுக்கடியில் தேடுகிற பாலாறு அல்ல இது. பர்கூர் மலைக்காட்டுப் பக்கமிருந்து இறங்கி, இரு மாநிலங்களுக்கும் எல்லை போட்டுவிட்டுக் காவிரியில் கலந்துவிடும் சிற்றாறு. ஒரு பாலம், சோதனைச் சாவடி, மலைக்குப் போகும் வழியில் முழுக்குப் போட இறங்கும் பக்தர்கள், கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள். ஊரின் அடையாளம் அவ்வளவுதான். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அக்கரை, மைசூர் மாவட்டம். 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கும்பலின் கண்ணிவெடியில் 22 பேர் பலியானபோதுதான் இந்தப் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது.

இப்போது இங்கே பேசப்படுவது வேறு விஷயம். மேட்டூர் அணை நிரம்பும்போது நீர்த்தேக்கத்தின் வால் பாலாறுவரை நீள்கிறது. கடந்த சில ஆண்டுகளில் அந்த நீரின்மீது அவ்வப்போது பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் ஒரு படலம் திரள்கிறது. பண்ணவாடி, கோட்டையூர்ப் பரிசல் துறைகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். துடுப்பில் ஒட்டுகிறது, வலையில் ஒட்டுகிறது, காய்ந்தால் நாறுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள். ஈ.எம். கரைசல் எனப்படும் நுண்ணுயிர்க் கலவையைப் படகில் ஏற்றித் தெளிக்கிறார்கள். வாடை அடங்குகிறது. அடுத்த பருவத்தில் படலம் மறுபடி வருகிறது.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். பெங்களூரின் சாக்கடை என்பது ஒன்று. நீர் வற்றும்போது நீர்த்தேக்கத்தின் படுகையிலேயே பயிர் செய்கிறார்கள், வெள்ளம் வந்ததும் அது மூழ்கி அழுகுகிறது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் சோப்புத்தூள்தான் காரணம் என்போரும் உண்டு. எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் எது எவ்வளவு, எதைச் செய்தால் தீரும் என்று யோசிக்க ஒரு சின்ன உதாரணம் தேவைப்படுகிறது. அது கிடைக்கும் இடம் சற்று எதிர்பாராதது.

பாலாற்றுச் சாலையில் இருப்பதுபோல் சென்னையிலும் ஒரு கொளத்தூர் உண்டு. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போனது. மீன் தொட்டிப் பிரியர்களில் மிகக் கடினமான பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள், கடல்நீர்த் தொட்டியில் பவளப்பாறை வளர்க்க முனைபவர்கள். மேலைநாடுகளில் இது பெரும் பொழுதுபோக்கு. இந்தியாவில் வாய்ப்பு குறைவு. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக் கற்ற பாடம் எல்லோருக்கும் பொது. அவர்களுடைய இரண்டு எதிரிகள் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்.

பவளம் வளர்வது சத்துக் குறைந்த தெளிந்த கடலில். ஆகவே தொட்டியில் லிட்டருக்கு 5 அல்லது 10 மில்லிகிராமுக்குள் நைட்ரேட்டும், 0.1 மில்லிகிராமுக்குள், முடிந்தால் 0.03-க்குப் பக்கத்தில், பாஸ்பேட்டும் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் இலக்கு. இது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. உலர்ந்த மீன் உணவில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு பாஸ்பரஸ். 400 லிட்டர் தொட்டியில் 1 கிராம் உணவு போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளே போகிறது. பாஸ்பேட்டாக மாறும்போது அது 30 மில்லிகிராம். லிட்டருக்கு 0.075. வெளியேற வழியில்லையென்றால், மீனுக்குப் பாசத்தோடு போட்ட ஒரு சிட்டிகை உணவு இலக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறது. ஒரு வாரத்தில் கண்ணாடியில் பாசி. ஒரு மாதத்தில் பாறையெல்லாம் பச்சை மயிர். பவளம் மூச்சு முட்டிச் சாகிறது.

இந்த நிலைக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் யூட்ரோஃபிகேஷன். கிரேக்க மூலத்தில் அதற்கு 'நன்றாக ஊட்டம் பெற்றது' என்று பொருள். தமிழில் மிகையூட்டம் என்கிறார்கள். கிரேக்கச் சொல்லைவிட இதுதான் நேர்மையான சொல். தண்ணீரில் நஞ்சு கலக்கவில்லை, சோறுதான் கலந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய சோறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டி சொன்னதை வேதியியல் பாடமாகவும் படிக்கலாம்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமென்றாலும் இரண்டின் குணமும் வேறு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது; இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. ஆக்சிஜன் எட்டாத மணலடியிலும் பாறைத் துளைகளிலும் வாழும் மூன்றாவது வகை, நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. ஆக, நைட்ரேட்டுக்குக் கூரை வழியாக ஒரு வாசல் உண்டு. பாஸ்பேட்டுக்கு அப்படி வாயு வடிவம் கிடையாது. உள்ளே வந்த பாஸ்பரஸ் தண்ணீரில் இருக்கும், பாசியில் இருக்கும், மீனில் இருக்கும், மணலில் இருக்கும். யாராவது கையால் எடுத்து வெளியே போடும்வரை தொட்டிக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கும்.

தண்ணீரை மாற்றினால் போதாதா என்பது புதியவர்கள் கேட்கும் கேள்வி. நைட்ரேட் 40 என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 32 ஆகும். மீண்டும் மாற்றினால் 26. மூன்றாவது முறை 20. பொறுமை இருந்தால் இறங்கும். பாஸ்பேட் அப்படி இறங்குவதில்லை. இன்று பாதியாகக் குறைத்தால் நாளை மறுநாள் பழைய அளவு. காரணம் பாறை. மாதக்கணக்கில் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்த பாறை, நீர் சுத்தமானதும் வட்டியோடு திருப்பித் தருகிறது. பழைய கடன் தீரும்வரை இது ஓயாது.

ஆகவே அனுபவசாலிகள் ஒன்றை நம்பி இருப்பதில்லை. முதலில் உணவைக் குறைக்கிறார்கள். குழாய் நீரை நம்பாமல் சவ்வூடு வடிகட்டிய நீரில் உப்புக் கலக்குகிறார்கள். ஸ்கிம்மர் என்ற கருவியால் நுண்குமிழிகளை எழுப்பி, நுரையோடு ஒட்டிவரும் கழிவை அது மக்கும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து விளக்கொளியில் வேண்டுமென்றே பாசி வளர்க்கிறார்கள். வாரந்தோறும் கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கி எறிகிறார்கள். பாசி போகும்போது அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து போகின்றன. மிச்சமுள்ள பாஸ்பேட்டுக்கு இரும்புத் துருமணிகள். துருவோடு பாஸ்பேட் இறுகப் பற்றிக்கொள்ளும்.

இவற்றில் சுவாரசியமானது வோட்கா வைத்தியம். தினமும் சில துளி வோட்காவோ வினிகரோ தொட்டியில் விடுவது. போதை மீனுக்கல்ல. அதிலுள்ள கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வாரி எடுத்துவிடுகிறது. கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் வோட்கா விட்டால், பாக்டீரியா பெருகும், ஆக்சிஜனைக் குடிக்கும், செத்து அடியில் படியும், தின்றதையெல்லாம் திருப்பித் தண்ணீரிலேயே கக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃப்ரட் ரெட்ஃபீல்ட் 1934-ல் கவனித்தது: கடலின் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 16 நைட்ரஜன் அணுக்களுக்கு 1 பாஸ்பரஸ் அணு என்ற விகிதத்தில் உணவெடுக்கின்றன. எடைக் கணக்கில் 10 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு 1 மில்லிகிராம் பாஸ்பேட். நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பந்தியே முடிந்துவிடும்; பாஸ்பேட் அப்படியே நிற்கும். இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடலாம் என்று அவசரப்படுவோருக்கும் தண்டனை இருக்கிறது. பவளத்துக்கும் கொஞ்சம் சோறு வேண்டும். திடீரென்று பட்டினி போட்டால் அது வெளுத்துவிடும். குறை, ஆனால் மெதுவாகக் குறை என்பது இந்தத் துறையின் பாலபாடம்.

இனி மேட்டூருக்குத் திரும்பலாம். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. முழுநீர்மட்டம் 120 அடி. கண்ணாடித் தொட்டியோடு ஒப்பிட்டால் கடல். ஆனால் விதிகள் அதே விதிகள்.

உணவு எங்கிருந்து விழுகிறது? ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1 கிராம். கோடிப் பேர் வாழும் நகரத்தில் அது நாளொன்றுக்கு 10 டன். பெங்களூரு ஒரு மேட்டின்மீது உட்கார்ந்திருக்கும் நகரம். அதன் கிழக்குச் சரிவின் கழிவு, 2015-ல் நுரை பற்றியெரிந்து செய்தியான பெல்லந்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. மேற்குச் சரிவின் கழிவு விருஷபாவதியில் இறங்கி, பைரமங்கலா ஏரியைக் கடந்து அர்க்காவதியில் சேர்ந்து, மேகேதாட்டு அருகே காவிரியில் கலக்கிறது. அதற்கு மேலே மைசூர், நஞ்சன்கூடு, கபினி, காவிரிக் கரை ஊர்கள். காவிரி, தென்பெண்ணை ஆறுகளில் கழிவு கலப்பதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

ஆனால் விரலை வடக்கே மட்டும் நீட்ட முடியாது. நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும் காலத்தில், தமிழ்நாட்டுப் பக்கமும் வண்டல் படிந்த படுகையில் சோளமும் நிலக்கடலையும் விதைக்கிறார்கள். யூரியாவும் டி.ஏ.பி.யும் இடுகிறார்கள். நீர் திடீரென்று உயர்ந்தால் பயிரும் உரமும் சேர்ந்து மூழ்குகின்றன. அணை கட்டியபோது நிலத்தை இழந்த ஊர்களின் வாரிசுகள் அவர்கள். பயிர் செய்யாதே என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் மீன் தொட்டிக்குள் உணவு டப்பாவைக் கவிழ்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

பிறகு, பழைய கடன். தொட்டியின் பாறை செய்ததை நீர்த்தேக்கத்தின் அடிச்சேறு செய்கிறது. சேற்றிலுள்ள இரும்பு, ஆக்சிஜன் இருக்கும்வரை பாஸ்பேட்டைக் கட்டி வைத்திருக்கும். மேலே பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இரும்பின் பிடி தளர்கிறது. பாஸ்பேட் மேலே வருகிறது. அடுத்த பாசிக்கு விருந்து தயார். 90 ஆண்டுகளாகச் சேர்ந்த சேறு இது.

இந்த வெளிச்சத்தில் ஈ.எம். கரைசலைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஒகினாவாவில் தெருவோ ஹிகா என்ற பேராசிரியர் 1980களில் பிரபலப்படுத்திய இக்கலவை, லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வெல்லப்பாகும் சேர்ந்தது. அழுகும் வாடையை அது அடக்கலாம். துறையில் நிற்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் பாஸ்பேட் கணக்கில் இது ஸ்கிம்மர் இல்லாத வோட்கா வைத்தியம். பாக்டீரியாவை நீர்த்தேக்கத்திலிருந்து வாரி எடுக்க யாரும் இல்லை. தின்றது அனைத்தும் அங்கேயே கிடக்கும். தெளிப்பதற்குச் செலவான தொகை ஆவணத்தில் ஏறுகிறது. நீரிலிருந்து ஒரு கிராம் பாஸ்பரஸ்கூட வெளியேறியதில்லை.

மேட்டூரில் உண்மையான ஸ்கிம்மர் ஒன்று இருக்கிறதென்றால் அது பரிசலில் வலையோடு போகும் மீனவர்தான். ஒரு டன் மீனைக் கரையேற்றும்போது ஏறத்தாழ 4 கிலோ பாஸ்பரஸ் நீர்த்தேக்கத்தை விட்டுப் போகிறது. நகரங்கள் அனுப்புவதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனாலும் இந்தப் பிரச்னையில் எடுப்பவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் எல்லாம் போடுபவர்கள். பச்சைப் படலம் திரண்டால் முதலில் தொழில் படுப்பதும் அவருக்குத்தான். சேலம் நகரின் குடிநீரும் டெல்டாவின் பாசனமும் இதே நீர் என்பதால் அவரோடு இது முடிவதுமில்லை.

வெளிநாட்டு அனுபவம் என்ன சொல்கிறது? கனடாவின் ஒன்டாரியோவில் 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஓர் ஏரியை நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையானது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சோப்புக் கம்பெனிகளோடு நடந்த வாதங்களையெல்லாம் முடித்து வைத்தது எனலாம். அமெரிக்க, கனடிய மாநிலங்களில் பாஸ்பேட் சோப்புத்தூளுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் வீட்டுச் சலவைத் தூளில் அதற்கு உச்சவரம்பு விதித்தது.

சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி இன்னும் நம்பிக்கையூட்டும் கதை. சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடையால் பச்சையான ஏரி அது. 1958-ல் மக்கள் வாக்களித்து, செலவை ஏற்று, 1963 முதல் 1968-க்குள் கழிவுநீரை முழுவதும் திசை திருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. ஆழமான ஏரி என்பதால் பழைய கடனும் சீக்கிரம் தீர்ந்தது. எதிர்மறைப் பாடம் ஈரி ஏரி. அதுவும் 1972 ஒப்பந்தத்துக்குப் பிறகு தேறியதுதான். ஆனால் வயல்களிலிருந்து வழியும் உரத்தைக் கவனிக்காமல் விட்டார்கள். 2014 ஆகஸ்டில் பாசி நச்சால் டொலிடோ நகரில் சுமார் 5 லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்க முடியாத நிலை. கொதிக்க வைத்தாலும் போகாத நச்சு அது.

இந்தியாவில் சட்டத்தின் பார்வை விசித்திரமானது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தாண்டினால் பச்சிளம் குழந்தைக்கு நீலம் பாயும். பாஸ்பேட் நேரடியாக யாரையும் கொல்வதில்லை. அதனால் அதைக் கேட்பாரில்லை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய விதிகளில் நைட்ரஜனும் இல்லை, பாஸ்பரஸும் இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றது. ஆனால் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உற்பத்தியாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். நான்கில் மூன்று பங்குக்கு எந்த விதியும் பொருந்தாது. அது அப்படியே ஆற்றுக்குப் போகிறது. மீதிக் கால் பங்கைச் சுத்திகரிக்கும் வழக்கமான நிலையங்களும் அழுக்கை எடுக்கின்றனவே தவிர பாஸ்பரஸின் பெரும் பகுதியை எடுப்பதில்லை. இரும்பு உப்பையோ படிகாரத்தையோ கலந்து அதைப் படியவைக்கும் தனிக் கட்டம் தேவை. தொட்டிக்காரர் கைக்காசில் வாங்கும் துருமணியின் அதே வேலை.

வைத்தியம் என்று புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விருஷபாவதியில் இறங்கும் கழிவுநீரை இந்தக் கட்டம்வரை சுத்திகரிப்பது. படுகைப் பயிருக்கு நஷ்டஈடோ மாற்று நிலமோ கொடுத்து, குறைந்தபட்சம் உரத்தையாவது நிறுத்துவது. திரளும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் கரைசல் தெளித்து அடியில் அமிழ்த்தாமல், வாரிக் கரையேற்றி உரமாக்குவது. இவற்றைச் செய்தாலும் சேறு தன் பழைய கடனைத் தீர்க்கச் சில பருவங்கள் ஆகும். அந்தப் பொறுமையையும் முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆண்டில் பச்சை மறையவில்லை என்று இரண்டாம் ஆண்டில் திட்டத்தைக் கைவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளக்க வேண்டும். பவளத் தொட்டிக்காரர் வாரந்தோறும் ஒரு சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். காவிரியிலும் எழுதுகிறார்கள், ஆனால் வேறொன்றை. பாலாற்றுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதித்த கணக்கு சரிபார்க்கப்படுவது அங்கேதான். தமிழ்ப் பத்திரிகைகள் மேட்டூரின் நீர்மட்டத்தைத் தசமப் புள்ளி பிசகாமல் தினமும் அச்சிடுகின்றன: இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி. அந்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நான்காவதாகப் பாஸ்பேட் அளவும் வந்தால், இரு மாநிலங்களும் எவ்வளவு தண்ணீர் என்று மட்டுமல்ல, எப்படிப்பட்ட தண்ணீர் என்றும் சண்டை போட வேண்டிவரும். பாலாற்றுக் கரையில் பரிசலைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சண்டைதான் உபயோகமானது.